தாய்மாமன் வரி

ஜூலை 6, ஞாயிறு

முடிவாகிவிட்டது. ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பது. நாற்பது பேர். நாற்பத்தோராவதாக ஒருவர் வந்தால் அவர் வழி தவறி வந்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்திரிகை கிடையாது. போனில் ஒரு செய்தி போதும்.

அண்ணன் கனிராஜ் ஓசூரிலிருந்து போனில் சிரித்தான். "சிவகாசியில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்பெனியில பத்து வருசமா புரூஃப் பாக்குற. உங்கல்யாணத்துக்கே பத்திரிகை இல்லையாக்கும்?"

"வருசத்துக்கு ஆறாயிரம் பத்திரிகை படிக்கிறேன்ணே. அலுத்துப் போச்சு," என்றேன். உண்மையும் அதுதான்.

மாப்பிள்ளை திரவியத்துக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு முப்பத்தாறு. சாத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் பவர் ஏறியபோது அங்கே போனேன். "எதப் பாத்து இப்பிடிக் கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "மத்தவங்க செஞ்ச தப்ப" என்றேன். இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தவர், மூன்றாம் முறை போனபோது கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைப் பிடிக்காது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த டைரி எங்கள் கம்பெனியில் மாதிரிக்கு அடித்தது. ராகுகாலம் தப்பாக விழுந்துவிட்டதால் கழித்துவிட்டார்கள். பின்னட்டை உறையில் ஒரு பழைய தாள் மடித்து வைத்திருக்கிறேன். அது பாட்டுக்கு இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ஆள் கணக்கு. அவர்கள் பக்கம் இருபது, எங்கள் பக்கம் இருபது. திரவியம் கண்ணாடி துடைக்கும் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தை அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள், நான் எழுதினேன். பத்தொன்பது வந்தது.

"இருபதும்மா. இன்னும் ஒரு பேரு சொல்லு."

"எல்லாஞ் சொல்லிட்டேன்."

"பத்தொம்பதுதான் இருக்கு."

"அப்ப ஒரு எலை சும்மா கெடக்கட்டும்," என்று துருவலை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெயரில்லாத வரியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இருபதாவது இடத்தில் 'உபரி' என்று எழுதி வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மண்டபத்தைப் பேசியாயிற்று. மின்விசிறி ஆறு, ஓடுவது நான்கு. இரண்டைச் சரி செய்து தரச் சொல்லிக் கையோடு எழுதி வாங்கிக்கொண்டேன்.

சமையலுக்குப் பிச்சையா. நாற்பது பேர் என்றதும் மனிதர் முகம் விழுந்துவிட்டது. "நானூறு பேருக்குச் சமைச்சுப் பழகுன கை தாயி. நாப்பதுக்கு உப்புப் போட வராதே," என்றார். ஏழு வாரம் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் யாரும் நழுவ முடியாது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்தால் ஊரில் கல்யாணம் இல்லை, எங்களுக்குத்தான் மூச்சு விட நேரம் இல்லை. ஆவணிக் கல்யாணம் எல்லாம் இப்போதுதான் அச்சுக்கு வரும். இன்று ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கமும் 'மணமகன்' என்று விழுந்திருந்தது. இன்னொன்றில் முகூர்த்தம் மாலை ஆறு மணிக்கு. முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஜெயக்கொடி கண்ணுல தப்பி ஒரு புள்ளி வெளிய போனதில்ல."

பத்து வருடத்தில் நான் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரிகையில் தப்பு வந்ததில்லை. வந்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா ஒரு புதுக் கோரிக்கை வைத்தாள். குலசாமிக்கு ஒரு பத்திரிகை வேண்டுமாம்.

"வாட்சப்ப சாமி காலடியில எப்பிடிடி வைப்ப? போனை வச்சுட்டு வந்துருவியா?"

சரி, ஒன்றே ஒன்று அடித்துத் தருகிறேன் என்றேன். அத்தோடு விட்டாளா? "தாய்மாமன் பேரு மேல வரணும்" என்றாள்.

"ஒரு பத்திரிகைதானம்மா. சாமிக்கு மட்டுந்தான் வைக்கப் போறோம். வேற யாரு படிக்கப் போறா?"

"சாமிக்குப் படிக்கத் தெரியாதோ?"

அம்மாவுக்கு ஒரே தம்பி, சோலையப்பன் மாமா. வத்திராயிருப்பில் மாவு மில் வைத்திருக்கிறார். பத்து வருடமாக எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அவர் பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போது எந்த ஊரில் கல்யாணத்தை வைப்பது என்று அப்பாவுக்கும் அவருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அப்பாதான் பெயரை எடுக்கச் சொன்னார் என்று பேச்சாகிவிட்டது. அப்பாவும் ஆமாம் என்று சொன்னார். இதில் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நான்கு வருடம் முன்பு அப்பா இறந்தபோதுகூட மாமா வரவில்லை. தாலி இழந்த அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பிதான் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது வத்திராயிருப்பு பஸ் கண்டக்டர் கையில் வந்தது. அம்மா வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 23, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பத்திரிகையைக் கோர்த்துப் பார்த்தேன். அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு'. ஒரு நாளைக்கு முப்பது முறை பார்க்கிற சொல்தான். எங்கள் வீட்டுப் பெயருக்கு முன்னால் இன்றுதான் முதல்முறை போட்டேன்.

தாய்மாமன் வரிக்கு இடமில்லை. எழுத்தின் அளவைப் பன்னிரண்டு புள்ளிக்குக் குறைத்தால் இடம் வரும். பதினான்குதான் அழகு.

ஜூலை 24, வியாழன்

தலைவலி. பவர் ஏறியிருக்கும்.

ஜூலை 26, சனி

சாத்தூர் போனேன். திரவியம் கண்ணைச் சோதித்துவிட்டு, "பவர் ஏறல. தூக்கந்தான் இல்ல போலருக்கு," என்றார். கடையில் வேறு ஆள் இல்லை. மெழுகுத்தாள் சுற்றிய கண்ணாடி வில்லைகளை அடுக்கிக்கொண்டே, "தாய்மாமன் வரியப் போடலையாமே? அத்தை போன்ல சொன்னாக," என்றார்.

இடமில்லை என்றேன். ஒரு பத்திரிகைக்கு என்ன அளவு வேண்டுமானாலும் தாள் வெட்டலாமே என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் இந்த டைரிக்குள்ளும் மழுப்பியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அண்ணன் பத்திரிகையை எங்கள் கம்பெனியிலேயே அடித்தோம். முதல் புரூஃபில் மாமாவின் முதலெழுத்து 'வெ' என்பதற்குப் பதில் 'வ' என்று இருந்தது. மாமா அதையெல்லாம் கவனிப்பார் என்று சிவப்பில் சுழித்து அனுப்பினேன். கம்போஸ் செய்தவர் அந்த வரியை அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க மறந்துவிட்டார். இரண்டாவது புரூஃபில் நான் சுழித்த மற்ற இடங்களை மட்டும் பார்த்தேன். முழுதாகப் படிக்கவில்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது.

அம்மா வெற்றிலைப் பாக்குத் தட்டோடு போய் முதல் பத்திரிகையை மாமா கையில் கொடுத்தாள். அவர் அதில் தன் பெயரைத் தேடினார். அன்று சாயங்காலம் அப்பா எங்கள் கம்பெனிக்கு வந்து அந்தப் புரூஃபைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போய், "ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அப்பா போய்விட்டார். அவருடைய ஆயுள் காப்பீட்டுக் காகிதங்களுக்கு நடுவில் அந்தப் புரூஃப் இருந்தது. டைரி உறையில் இருக்கும் தாள் அதுதான்.

எனக்கு வந்த மூன்று வரன்களையும் பத்திரிகைப் பேச்சு எடுத்த நேரத்தில் நான்தான் தட்டிக் கழித்தேன். இதைத் திரவியத்திடம் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஊருல உள்ளவுக பத்திரிகைக்கெல்லாம் திருத்தம் போடுறீகளே, இதுக்கு ஏன் போடல?"

பஸ்ஸில் வரும்போது பக்கத்து ஆள் பார்க்காமல் அழுதேன்.

ஜூலை 30, புதன்

பன்னிரண்டு புள்ளி. தாய்மாமன் வரி சேர்த்தாயிற்று. திரு. வெ. சோலையப்பன், வத்திராயிருப்பு. ஏழு முறை படித்தேன். கடைசி முறை கீழிருந்து மேலே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாகத்தான் சாப்பிட்டேன்.

குலசாமி கோயில் வத்திராயிருப்பு போகிற சாலையில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. நானும் அம்மாவும் போனோம். பூசாரி பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். "மத்ததெல்லாம் எங்க?" என்றார். இது ஒன்றுதான் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்து நிழலில் அம்மா பத்திரிகையை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். தம்பி பெயரில் விரலை வைத்தபடி, "உங்கப்பா இருந்தா இந்த வரிய விட்டு வச்சிருப்பாரா? எடுன்னுதான் சொல்லிருப்பாரு," என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அப்பா எடுக்கலம்மா."

பையிலிருந்து பழைய புரூஃபை எடுத்துப் பத்திரிகை மேலேயே விரித்தேன். "இது அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச ரெண்டாவது புரூஃப். மாமா வரி இதுலயே இல்ல. அடியில சரின்னு போட்டிருக்கு பாரு, அது என் கையெழுத்து. அப்பா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாரு."

அம்மா அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு வருசம்டி," என்றாள். "அதுக்கப்புறம் ஆறு வருசம் அந்த மனுசன் இருந்தாரு. நான் மூஞ்சி குடுத்துப் பேசல. தட்டத் தள்ளிவிட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் முன்னால் நடந்தாள். அங்கே வீட்டுக்குத் திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கிற பக்கமாகப் போய் நின்றுகொண்டு, என்னை எதிர்ப்பக்கம் காட்டினாள். "நீ அங்க நில்லு. வத்திராயிருப்பு பஸ் வரும். எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டயும் சொல்லிட்டு வா." அவள் பஸ் முதலில் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

மாமாவின் மில் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகை நாள், ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். மாமாவுக்குப் புருவம் வரை மாவு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வாளியைக் கொட்டினார். நான் பேசியது எதுவும் அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"தப்பு என்னோடது மாமா!"

மில் முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "என்ன தப்பாம்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். மாமா கையைத் துடைத்தார். "திருப்பிச் சொல்லு" என்றார். அத்தனை பேர் முன்னாலும் முதலிலிருந்து சொன்னேன்.

புரூஃபை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். கண்ணாடி போட வேண்டிய வயது, போடவில்லை. அப்படியே கேப்பை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குக் காது குத்தும்போது எம்மடியிலதான உக்கார வச்சிருந்தேன். என்னயக் கடிச்சு வச்ச. நெனவிருக்கா?"

"அம்மா சொல்லிருக்கு மாமா."

"நீ செஞ்சேன்னு சொல்லிருந்தா ரெண்டு நாளு கோவமா இருந்திருப்பேன். மூணாம் நாளு வந்து பந்தியில நின்னுருப்பேன். மச்சான் ஏன் எங்கிட்டச் சொல்லல?" புரூஃபை மடியில் விரித்தார். "அவரு சாவுக்கு நான் வரல, தெரியுமா? பஸ்ஸுல குடுத்து விட்டேன்."

மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது இருக்கட்டும். கனிராசு கல்யாணத்துக்கு எனக்கு இன்னும் பத்திரிகை வரல. எம்பேரு போட்ட பத்திரிகை. மொதல்ல அது வரட்டும்."

புரூஃபை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள். தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அதேதான். மண்டபத்தில் மின்விசிறி இரண்டும் சரியாகிவிட்டன.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். அழுகையும் கலந்துதான் வந்தது. "சட்டப்பையில அந்தத் தாள வச்சுக்கிட்டே எங்கிட்ட அத்தன ஏச்சும் வாங்கியிருக்காரு பாரு அந்தாளு. ஒருநா எடுத்து நீட்டியிருக்கக் கூடாது?"

"என் மேல கோவமாம்மா?"

"உம்மேல பாதி. அவரு மேல பாதி. இனி அவருகிட்டப் போயி எப்பிடிச் சண்ட போட?" பூவைக் கிள்ளி எறிந்தாள். "உன் மாமன் கேட்டத அடிச்சியா?"

அவர் கிண்டலுக்குச் சொன்னார் என்று நினைத்தேன் என்றேன்.

"அவனுக்குக் கிண்டல் வராது," என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 9, சனி

பத்து வருடம் முன்பு முடிந்த கல்யாணத்துக்கு இன்று பத்திரிகை கோர்த்தேன். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு வேலை வந்ததில்லை.

பழைய புரூஃப் இருந்ததால் சிரமமில்லை. கம்போஸ் செய்கிற மேரி, "அக்கா, வருசம் தப்பு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுன்னு இருக்கு," என்றாள். தப்பில்லை, அதுதான் வருடம் என்றேன். சின்னப் பெண், மேலே கேட்கவில்லை.

அப்பா பெயரில் அவள் பழக்கத்தில் 'தெய்வத்திரு' என்று அடித்திருந்தாள். போன மாதம் என் பத்திரிகையில் பார்த்த நினைப்பு. சிவப்புப் பேனாவால் 'தெய்வத்' என்பதை மட்டும் அடித்தேன். 'திரு. ச. அய்யாத்துரை' என்று நின்றது. இந்தப் பத்திரிகையில் அப்பா இருக்கிறார். கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து மிச்சத்தைப் படித்தேன்.

தாய்மாமன் வரி, முதலெழுத்து 'வெ'. மற்றதெல்லாம் வழக்கமான வாசகம்தான், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து என்று தொடங்குவது. கடைசியில் தங்கள் நல்வரவை விரும்பும், அதன் கீழே அப்பா பெயர். மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. சரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. அம்மா தன் ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், இரண்டு பத்திரிகையும் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். "இது எங்க வீட்டு விசயம்" என்றாள்.

சாயங்காலம் ஒரு பை கேப்பை மாவோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரும்மா?"

"வாங்கிக்கிட்டான்."

"வருவாரா?"

"காப்பி குடுத்தான்."

இதற்கு மேல் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரவிக்கை தைத்து வந்தது, கை இறுக்கம், திரும்பக் கொடுத்தேன். திரவியம் தாலிக்கு நூல்கயிறா சங்கிலியா என்று கேட்டார். கயிறு. பிச்சையா பட்டியல் கொண்டு வந்தார். நாற்பது பேருக்கு என்று நான்கு முறை சொன்னேன். "ஆகட்டும் தாயி" என்று நான்கு முறையும் சொன்னார்.

நாற்பது இலை போதும் என்றேன். அம்மா பூக்காரியிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. 'உபரி' என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். வந்தாலும் வராவிட்டாலும் வரி வரிதான்.

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்கு.

செப்டம்பர் 1, திங்கள், சாத்தூர்

மாமியார் காப்பி கொடுத்துவிட்டுப் போனார். திரவியம் கடையைத் திறக்கப் போயிருக்கிறார். கல்யாணத்துக்கு மறுநாளும் கடை திறக்கிற மனிதரைத்தான் கட்டியிருக்கிறேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. நேற்றை எழுதிவிடுகிறேன்.

காலை ஆறே முக்கால். எனக்குப் பாதித் தலைதான் பின்னியிருந்தது. மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் மாமா இறங்கினார். புது வேட்டி, புருவத்தில் மாவு இல்லை, கையில் ரோஜா மாலை. பின்னால் அத்தை. அதற்குப் பின்னால் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், மாமாவின் சம்பந்தி வீட்டார். கடைசியில், அன்று மில்லில் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள். நான் எண்ணினேன். இருபத்தேழு.

பாதிப் பின்னலோடு வாசலுக்கு ஓடினேன். "வாங்க மாமா. இத்தன பேரா?"

மாமா சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். அண்ணன் கல்யாணத்துப் பத்திரிகை. "படி. நீதான படிக்கிறவ."

படித்தேன். தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து.

"சூழ வந்துருக்கேன்," என்றார். "அச்சுல ஏறிருச்சு. இனி என்ன பேச்சு?"

நான்தான் அதைப் படித்துச் சரி போட்டவள். விலகி வழி விட்டேன். உள்ளே பிச்சையா பெரிய அண்டாவைத் திறந்தபடி, "அன்னைக்கே சொன்னேன்ல தாயி, நாப்பதுக்குக் கை வராதுன்னு," என்றார். நூறு பேருக்குச் சமைத்திருந்தார். அம்மா பூக்காரியிடம் சொல்லி நூறு இலை வாங்கி வைத்திருந்தாள். இந்த ஊரில் ஒருவரும் என் பேச்சைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

மாமாதான் மாலை போட்டு என் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். நடக்கும்போது மெதுவாக, "இப்பயும் கடிப்பியா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், நன்றாகத்தான் இருக்கும்.

தாலி கட்டினார் திரவியம். மூன்று முடிச்சும் அவரே போட்டார், நாத்தனார் கைக்கு விடவில்லை. அதற்கு ஒரு சின்னச் சண்டை நடந்தது. பந்தியில் அம்மாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அம்மா தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து மாமா இலையில் வைத்தாள். அவர் அதை உடைத்துப் பாதியைத் திருப்பி வைத்தார்.

எல்லாரும் கிளம்பியபோது பத்து மணி. முன்வரிசை நாற்காலியில் அப்பா படத்தை வைத்திருந்தோம். எடுத்துக்கொண்டு போகலாம் என்று போனேன். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பத்திரிகை செருகியிருந்தது. அண்ணன் கல்யாணத்துப் பத்திரிகைதான், மாமா பையில் இருந்தது. விரித்துப் பார்த்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே அப்பா பெயர். அதற்குக் கீழே, நீல மையில், கோணல் எழுத்தில்:

வந்துட்டேன் மச்சான்

திரவியம் என் தோளுக்கு மேலாக அதைப் படித்தார்.

"பேனா இருக்கா?" என்றேன்.

"சிவப்பா வேணும்?"

"எதுவானாலும் குடுங்க."

'வந்துவிட்டேன்' என்று வர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியும் வேண்டும். இரண்டையும் தொடவில்லை. முழுதாகப் படித்தேன், மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. அடியில் 'சரி' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.